ஒரு ‘டவுட்’ கேட்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

‘டவுட்’ என்ற ஒரே சொல்லைப் பற்றி இம்முறை ஆறு கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றொன்றுக்கும் துணையாகும் என்பதால், வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு ஆறையும் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இலண்டனில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய திட்ட வரைவில் ஓர் இடம் எனக்கு விளங்கவில்லை. ‘ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் பிளான்’ என்று மின்னஞ்சல் எழுதினேன். ‘எங்கள் திட்டத்தில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாத பகுதி எது?’ என்று சற்றுக் கடுமையாகவே பதில் வந்தது. பள்ளி நாள் முதல் இப்படித்தான் கேட்டு வருகிறேன். என் ஆங்கிலத்தில் என்ன பிழை?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: இலக்கணப் பிழை எதுவும் இல்லை. நீங்கள் நினைத்த பொருளை அந்தச் சொல் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோருக்கு ‘டவுட்’ என்பது, ஒன்று உண்மைதானா, நடக்குமா, நம்பத்தக்கதா என்பதில் ஏற்படும் உறுதியின்மையைக் குறிக்கும். ஆகவே உங்கள் வரி அவருக்கு, ‘உங்கள் திட்டம் தேறுமா என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது’ என்று பொருள்பட்டிருக்கிறது. நீங்கள் சொல்ல நினைத்ததோ, ‘ஓரிடம் புரியவில்லை, விளக்க முடியுமா?’ என்பது.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ‘அறிவுஅறி யாமை ஐயுறல் கொளல்கொடை ஏவல்’ என்று வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. ‘இந்தச் செய்யுளுக்குப் பொருள் யாது?’ என்று மாணவன் ஆசிரியரைக் கேட்டால் அது அறியா வினா. அந்தி மயங்கும் நேரத்தில் வழியில் நெளிந்து கிடப்பதைக் கண்டு, ‘பாம்போ, கயிறோ?’ என்று ஒருவர் கேட்டால் அது ஐய வினா. மாணவனிடம் விடையே கிடையாது. வழிப்போக்கரிடமோ இரண்டு விடைகள் இருக்கின்றன. அவற்றுள் எது சரி என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. ஆங்கிலேயரின் ‘டவுட்’ வழிப்போக்கருடையது. நம் வகுப்பறையின் ‘டவுட்’ மாணவனுடையது.

இந்த இடமாற்றம் எப்படி நேர்ந்தது என்பதற்கு நம் பேச்சு வழக்கிலேயே விடை இருக்கிறது. பேச்சுத் தமிழில் ‘சந்தேகம்’ என்ற சொல் அறியா வினாவையும் ஐய வினாவையும் சேர்த்தே சுமக்கிறது. ‘சார், ஒரு சந்தேகம்’ என்று கையை உயர்த்தும் பையன் ஆசிரியர் சொன்னதை நம்ப மறுப்பவன் அல்லன். அதுமட்டுமன்றி, நம்மிடையே ‘சந்தேகம்’ பணிவான சொல், ‘கேள்வி’ அப்படியன்று. ‘என்னையே கேள்வி கேட்கிறாயா?’ என்று அதட்டும் பெரியவர்கள், ‘என்னிடமே சந்தேகம் கேட்கிறாயா?’ என்று அதட்டுவதில்லை. ஆங்கிலத்தில் இது நேர்மாறாக இருக்கிறது. அங்கே ‘கொஸ்டின்’ எவரையும் உறுத்தாத சொல். ‘டவுட்’ என்றால்தான் எதிராளி நிமிர்ந்து உட்காருவார். பணிவு கருதி நாம் தேர்ந்தெடுக்கும் சொல்லே அங்கே பணிவின்மையாகப் படுவதால்தான் உங்களுக்கு வந்தது போன்ற பதில்கள் வருகின்றன.

அயல்நாட்டவருக்கு எழுதும்போது ‘ஐ ஹேவ் எ கொஸ்டின் அபௌட்’ என்று தொடங்குவது போதுமானது. ஓரிடம் மட்டும் விளங்கவில்லை என்றால் ‘ஐ ஆம் நாட் க்ளியர் அபௌட்’ என்றோ, ‘குட் யூ எக்ஸ்பிளெய்ன்’ என்றோ எழுதலாம். ஏற்கெனவே புரிந்ததைச் சரிபார்ப்பதற்கு ‘ஜஸ்ட் டு கன்ஃபர்ம்’ என்ற தொடக்கம் நன்றாகப் பொருந்தும். ‘டவுட் க்ளியர் பண்ணுவது’ என்ற நம் வழக்கை அவர்களுக்கு எழுதும் கடிதத்தில் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு எழுதும் கடிதத்தில் இதைத் திருத்திக்கொள்ள வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து. இந்தியா முழுவதும் இச்சொல் இந்தப் பொருளில் வழங்குகிறது. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒரே பொருள் தோன்றும்போது அதைப் பிழை என்று சொல்ல நான் துணியமாட்டேன். நாம் இதில் தனித்தும் இல்லை. ‘டவுட்’டுடன் ஒரே இலத்தீன் வேரில் பிறந்த ‘துதா’ என்ற சொல்லை ஸ்பானிய மாணவர்களும், ‘தூவிதா’ என்ற சொல்லைப் போர்த்துகீசிய மாணவர்களும் நம்மைப் போலவே வகுப்பில் கேள்வி கேட்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலம் பேசும்போது அவர்களும் நீங்கள் செய்ததையே செய்வார்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மிதிவண்டி ஒன்று காணாமற்போனது. சங்கச் செயலாளர் எழுதிய ஆங்கில அறிவிப்பில், ‘வி டவுட் தட் சம் அவுட்சைடர் டுக் இட்’ என்று இருந்தது. என் மகள் அதைப் படித்துவிட்டு, ‘வெளியாள் எடுக்கவில்லை என்றல்லவா இதற்குப் பொருள்?’ என்று சிரித்தாள். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. அந்த அறிவிப்பின்படி பார்த்தால், மிதிவண்டியைக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவரே எடுத்திருக்கிறார் என்று செயலாளர் குற்றம் சாட்டுவதாக ஆகிறது. அவர் எழுத வேண்டியிருந்தது ‘சஸ்பெக்ட்’.

இவ்விரண்டு சொற்களும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. ‘ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்’ என்றால் அவன் எடுத்திருப்பான் என்ற பக்கம் மனம் சாய்கிறது. ‘ஐ டவுட் ஹி டுக் இட்’ என்றால் அவன் எடுத்திருக்கமாட்டான் என்ற பக்கம் சாய்கிறது. தமிழில் இரண்டுக்குமே ‘சந்தேகம்’ என்று சொல்வதால், அகராதியில் ‘சந்தேகப்படு’ என்ற பொருளைப் பார்த்த கையோடு நாம் ‘டவுட்’டை எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

இருப்பினும் தமிழ் இந்த வேறுபாட்டை அடியோடு விட்டுவிடவில்லை. அது பெயர்ச்சொல்லில் காட்டாததை வினையின் கடைசி எழுத்தில் காட்டுகிறது. ‘அவன் வருவானா என்பது சந்தேகம்’ என்று சொல்லிப் பாருங்கள். வரமாட்டான் என்ற எண்ணமே மேலோங்கும். ‘அவன் வந்துவிடுவானோ என்று சந்தேகம்’ என்று சொல்லிப் பாருங்கள். வருவான் என்ற எண்ணமும், கூடவே சிறிது அச்சமும் தோன்றும். ஆகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் ‘டவுட்’, ஓகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் ‘சஸ்பெக்ட்’ என்று வைத்துக்கொள்ளலாம். செயலாளர் தம் மனத்தில் ‘வெளியாள் எவனாவது எடுத்திருப்பானோ’ என்றுதான் எண்ணியிருப்பார். அந்த ஓகாரத்தை மொழிபெயர்க்க ‘டவுட்’டால் இயலாது.

ஒருவர்மேல் ஐயம் கொள்வதிலும் இதே கவனம் வேண்டும். ‘ஐ டவுட் ஹிம்’ என்றால் அவர் சொல்வதை நான் நம்பவில்லை என்ற அளவே பொருள். ‘ஐ சஸ்பெக்ட் ஹிம்’ என்றால் அவர் குற்றம் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன் என்று பொருள். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்ற குறளில் வரும் ‘ஐயுறவு’ இவ்விரண்டுள் எது என்று ஒருமுறை நான் நெடுநேரம் யோசித்ததுண்டு. நம்பித் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் பிறகு கொள்ளும் ஐயம் என்பதால், இரண்டும் அதில் கலந்தே இருப்பதாக எனக்குப் படுகிறது.

செயலாளருக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவும் இடமுண்டு. 400 ஆண்டுகளுக்கு முன்பு அவர் எழுதியது நல்ல ஆங்கிலமாகவே இருந்திருக்கும். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில், தன் தந்தையின் ஆவி உலவுவதைக் கேள்விப்பட்ட இளவரசன், ‘ஐ டவுட் சம் ஃபௌல் பிளே’ என்கிறான். ‘ஏதோ சூது நடந்திருக்குமோ’ என்பது அதன் பொருள். அக்காலத்தில் ‘டவுட்’ என்பதற்கு அஞ்சுதல், ஐயுறுதல் என்ற பொருள்களும் இருந்தன. ஸ்காட்லாந்தில் அந்தப் பழைய பொருள் இன்றும் எஞ்சியிருக்கிறது. அங்கே ஒருவர் வானத்தைப் பார்த்து, மழை வரும் என்று ‘டவுட்’ கொள்வதாகச் சொன்னால், குடையை எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் ஒருவர் அதையே சொன்னால் குடை தேவைப்படாது.

கேள்வி: ‘டவுட்’ என்ற சொல்லை எழுதும்போது ‘பி’ என்ற எழுத்து வருகிறது. அதை ஏன் உச்சரிப்பதில்லை? எங்கள் ஆசிரியர் ‘அது அப்படித்தான்’ என்கிறார்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, அந்த எழுத்து வழக்கொழிந்து ஊமையானது அன்று; ஆங்கிலத்தில் அது பேசியதே இல்லை. இச்சொல் 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. பிறகு, இலத்தீன் படித்த அறிஞர்கள் சொற்களின் வேரை எழுத்தில் காட்ட விரும்பினார்கள். இலத்தீனில் இதன் மூலம் ‘தூபிதாரே’ என்ற வினைச்சொல்; அதில் ‘பி’ இருக்கிறது. ஆகவே சுமார் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ‘பி’யைக் கொண்டுவந்து நடுவில் செருகினார்கள். எழுதுகோல் மாறியது, நாக்கு மாறவில்லை. கடனைக் குறிக்கும் ‘டெட்’, நுட்பத்தைக் குறிக்கும் ‘சட்டில்’ ஆகியவற்றில் வரும் ‘பி’யும், ‘ரிசீட்’டில் வரும் ‘பி’ (பேனாவின் பி) என்ற எழுத்தும் இதே வகையில் குடியேறியவைதான். பிரெஞ்சுக்காரர்களும் சில காலம் இந்த எழுத்தைச் சேர்த்து எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு நீக்கிவிட்டார்கள். ஆங்கிலேயர்கள் நீக்கவில்லை.

இந்தக் கூத்தை ஷேக்ஸ்பியரே கேலி செய்திருக்கிறார். ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ என்ற நாடகத்தில் வரும் ஹோலோஃபெர்னஸ் என்ற பள்ளி ஆசிரியர், மக்கள் ‘டவுட்’, ‘டெட்’ ஆகியவற்றில் ‘பி’யை விழுங்கிவிடுகிறார்கள் என்று கோபப்படுகிறார். எழுதியபடியே படிக்க வேண்டும் என்று அடம்பிடித்த அந்த ஆசிரியரைப் பார்த்து அன்றைய இலண்டன் சிரித்தது. ஆகவே நீ ‘பி’யைச் சொல்லாமல் விடுவதற்கு நல்ல துணை இருக்கிறது.

அந்த இலத்தீன் சொல்லைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள். இரண்டு என்னும் பொருளுடைய ‘துவோ’ என்ற சொல்லோடு அது உறவுடையது. ஜெர்மன் மொழியில் ஐயத்துக்கு ‘ட்ஸ்வைஃபெல்’ என்று பெயர். அதிலும் இரண்டைக் குறிக்கும் ‘ட்ஸ்வை’ இருக்கிறது. பிரெஞ்சுச் சொல் வந்து சேருமுன் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லும் இரண்டோடு தொடர்புடையதே. மேலே கோவை வாசகிக்குச் சொன்ன ‘பாம்போ, கயிறோ’ நினைவிருக்கிறதா? எண்ணிப் பார், அதுவும் இரண்டுதான்.

கேள்வி: ‘டவுட்’ என்பதற்குத் தமிழில் ‘ஐயம்’ என்று எழுதுவதா, ‘சந்தேகம்’ என்று எழுதுவதா? 
– தமிழாசிரியை, தஞ்சாவூர்

பதில்: இரண்டையும் எழுதலாம். சந்தேகம் வடமொழியிலிருந்து வந்தது. ஐயம் தமிழில் மிகப் பழையது. ‘கொல்லே ஐயம்’ என்ற தொல்காப்பிய நூற்பா, ‘கொல்’ என்ற ஓர் இடைச்சொல்லையே இதற்காக ஒதுக்கிவைத்திருக்கிறது. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு’ என்று வள்ளுவரின் தலைவன் மயங்கும்போது, ஒரே குறளில் அந்த இடைச்சொல் மூன்று முறை வருகிறது. அவன் ஐயம் இரண்டோடு நிற்காமல் மூன்றாகப் பெருகிவிட்டது. காதல் அப்படித்தான் போலும்.

என் சொந்த வழக்கைக் கேட்டால், கட்டுரையில் ஐயம் என்றும், ஒருவர்மேல் குற்றம் காணும் இடத்தில் சந்தேகம் என்றும் எழுதுவேன். ‘காவல்துறை அவர்மேல் ஐயம் கொண்டது’ என்று எழுதினால் காவல்துறை தத்துவ விசாரணையில் இறங்கிவிட்டது போல எனக்குத் தோன்றுகிறது. ‘ஐயம் இட்டு உண்’ என்ற ஆத்திசூடியில் வரும் ஐயம் பிச்சையைக் குறிப்பது என்பதைத் தங்கள் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பீர்கள்.

கேள்வி: ‘சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுதலை செய்தது’ என்று செய்தித்தாள்களில் படிக்கிறேன். சந்தேகத்தால் ஒருவருக்கு என்ன பலன் வரும்? இது சரியான தமிழா?
– வாசகி ஒருவர், திருச்சிராப்பள்ளி

பதில்: ‘பெனிஃபிட் ஆஃப் தி டவுட்’ என்ற தொடரின் நேர் மொழிபெயர்ப்பு அது. முதன்முதலில் படிப்பவருக்கு விசித்திரமாக இருந்தாலும், நீதிமன்றத் தமிழில் நன்கு வேரூன்றிவிட்டதால் இனி அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

அதன் பொருள் இதுதான். குற்றவியல் வழக்கில் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. குற்றம் சாட்டப்பட்டவர் தாம் நிரபராதி என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அந்த மெய்ப்பிப்பும் ‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1935இல், மனைவியைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்று வாதிட்ட வுல்மிங்டன் என்ற பண்ணைத் தொழிலாளியின் வழக்கில், அன்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் அவை இக்கோட்பாட்டை ஐயம் திரிபற நிலைநாட்டியது. குற்றவியல் சட்டம் என்னும் வலைப்பின்னல் முழுவதும் ஓடும் பொன்னிழை என்று தீர்ப்பு வழங்கிய சாங்கி பிரபு அதனை வருணித்தார். நம் நீதிமன்றங்களும் அதே வழியில் செல்கின்றன. சாட்சியங்களைக் கேட்டபின், ‘இவர் செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம்’ என்று நீதிபதியின் மனம் நியாயமான காரணத்தோடு இரண்டாகப் பிளந்து நின்றால், அந்தப் பிளவினால் வரும் நன்மை குற்றம் சாட்டப்பட்டவரைச் சேர வேண்டும். அந்த நன்மையே நீங்கள் படிக்கும் ‘பலன்’. பண வழக்கு, சொத்து வழக்கு முதலிய உரிமையியல் வழக்குகளில் அளவுகோல் இவ்வளவு கடுமையானது அன்று. எந்தத் தரப்பின் கூற்றுக்கு நிகழ்தகவு மிகுதி என்று பார்ப்பதே போதும்.

‘நியாயமான’ என்ற அடைமொழியைத் தவறவிடாதீர்கள். வானத்தின் கீழ் எதையும் சந்தேகிக்கலாம். அத்தகைய கற்பனைச் சந்தேகத்துக்கு நீதிமன்றம் பலன் அளிப்பதில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. குற்றமே இல்லை என்று கண்டு விடுவிப்பதும், சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிப்பதும் சிறைக்கதவைப் பொறுத்தவரை ஒன்றாயினும், காவல்துறைப் பணித் தேர்வு போன்றவற்றில் வேறுபடுத்திப் பார்க்கப்படுகின்றன. அங்கே சந்தேகத்தின் பலன் முழுப் பலனாக இருப்பதில்லை.

அன்றாடப் பேச்சில் இதே தொடர் மிக மென்மையாகிவிடும். நண்பர் ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. வேண்டுமென்றே எடுக்காமலும் இருந்திருக்கலாம், வண்டி ஓட்டிக்கொண்டும் இருந்திருக்கலாம். ‘வண்டியில் போய்க்கொண்டிருப்பார்’ என்று எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் நீங்கள் அவருக்கு ‘பெனிஃபிட் ஆஃப் தி டவுட்’ கொடுத்திருக்கிறீர்கள். கிரிக்கெட்டில் அம்பயருக்கு உறுதியில்லாத போது மட்டையாளரை ஆட்டமிழக்கச் செய்யாமல் விடும் மரபும் இதுவே. மறுஆய்வுத் தொழில்நுட்பம் வந்தபின் ‘அம்பயர்ஸ் கால்’ என்ற முறையில் அந்தப் பலனில் ஒரு பகுதி அம்பயருக்கே போய்விட்டது. பந்துவீச்சாளருக்கு அன்றும் இன்றும் வருத்தந்தான்.

மற்றொரு தொடரையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றித் தனியாக எவரும் கேட்கவில்லை. ‘நோ டவுட்’ என்று தொடங்கும் வாக்கியம் ஐயமே இல்லை என்று அடித்துச் சொல்வதாக நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அது ‘ஆனால்’ என்பதற்கு முன்னோடியாக வரும். ‘நோ டவுட் அவர் திறமைசாலி’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், அடுத்து வரப்போகும் குறைக்குக் காத்திருங்கள். நாம் ‘திறமைசாலிதான், இல்லையென்று சொல்லவில்லை’ என்று இழுப்பதைப் போன்றது அது. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ‘வித்தவுட் எ டவுட்’ அல்லது ‘அன்டவுட்டட்லி’ என்று எழுதுங்கள்.

கேள்வி: எதையும் எளிதில் நம்பாதவரை ‘டவுட்டிங் தாமஸ்’ என்கிறார்களே, அந்தத் தாமஸ் யார்? எங்கள் பரங்கிமலைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்று சொல்வது உண்மையா?
– வாசகர் ஒருவர், ஆலந்தூர், சென்னை

பதில்: இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவர் அவர்; தமிழில் தோமா என்றும் தோமையார் என்றும் வழங்குகிறோம். யோவான் எழுதிய நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் அவர் கதை வருகிறது. உயிர்த்தெழுந்த இயேசு மற்றச் சீடர்களுக்குத் தோன்றியபோது தோமா அங்கே இல்லை. அவர்கள் வந்து சொன்னபோது, ஆணிகளின் காயத்தில் விரலை இட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றார். எட்டு நாள்களுக்குப் பின் இயேசு அவர் முன்னும் தோன்றி, தம் காயங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பழைய தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில், ‘அவிசுவாசியாயிராமல் விசுவாசியாயிரு’ என்று இருக்கிறது. அதாவது சந்தேகம் என்ற சொல்லே அங்கே இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அந்த வசனத்தில் ‘டவுட்’ கிடையாது. பட்டப்பெயர் பின்னால் மக்கள் வைத்தது. நேரில் கண்டாலன்றி நம்பாதவர் எவரானாலும் இன்று அவருக்கு அது பொருந்தும். சிறிது கேலியுடன்தான் சொல்வார்கள் என்பதால், மேலதிகாரியிடம் பயன்படுத்த வேண்டாம்.

பரங்கிமலையைப் பொறுத்தவரை, தோமா இந்தியாவுக்கு வந்து, கி.பி. 72இல் அந்த மலையில் கொல்லப்பட்டார் என்பது கிறித்தவ மரபு. அதனால்தான் அது புனித தோமையார் மலை எனப்படுகிறது. போர்த்துகீசியர் 1523இல் அதன் உச்சியில் தேவாலயம் கட்டினார்கள். மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் என்ற பெயரும் அவர்கள் மொழியில் தோமாவின் பெயரே. தோமா என்பது அரமேய மொழியில் இரட்டையர் என்ற பொருள் தரும் சொல். அதே நற்செய்தியில் அவருக்குத் தரப்படும் மற்றொரு பெயரான திதிமு என்பதும் கிரேக்கத்தில் இரட்டையர்தான். இரண்டைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த ‘டவுட்’ என்ற சொல், இரட்டையர் என்று பெயர் கொண்ட ஒருவருக்கே அடைமொழியாகப் போய்ச் சேர்ந்தது தற்செயல்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் பரங்கிமலை ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.